ராத்திரி சிவப்பு, காலையில் பச்சை

கேள்வியை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு இஆர்பி, அதாவது ஆர்டர், சரக்கு, பில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் மென்பொருள், செய்து தரும் ஆறு பேர் குழு உங்களுடையது. பிரௌசரை ஆள் மாதிரித் தானே இயக்கிச் சோதிக்கும் செலினியம் என்ற கருவியில் எழுதிய 600 டெஸ்ட் தினமும் ராத்திரி ஓடுகிறது. காலையில் பார்த்தால் 15 முதல் 30 வரை சிவப்பு, அதாவது ஃபெயில். அவற்றையே மறுபடி ஓட்டினால் பாதிக்கு மேல் பச்சையாகிவிடுகிறது. மேனேஜர், 'ஃபெயில் ஆனா மூணு தடவை ஓட்டிப் பாக்கற மாதிரி ரீட்ரை போட்டுருங்க' என்கிறார். சீனியர் ஒருவர், 'செலினியத்தைத் தூக்கிப்போட்டுட்டு பிளேரைட்டுக்குப் போயிரலாம்' என்கிறார், அது இதே வேலைக்கான இன்னொரு கருவி. யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில், 'இப்பல்லாம் காலையில ரிப்போர்ட்டை யாரும் திறக்கறதே இல்லைங்க' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கேள்வியாகப் படுகிறது. சிவப்பு எரிந்தால் ஆள் எழுந்து போய்ப் பார்க்கும் நிலைமையை எப்படித் திரும்பக் கொண்டுவருவது? ரீட்ரையும் பிளேரைட்டும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

2008 முதல் கோவையில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். ஜவுளி, பம்ப்செட், ஃபவுண்டரி என்று நம்ம பக்கத்துத் தொழில்களுக்கான வெப் மென்பொருள்தான் பெரும்பகுதி. மொபைல் கேம், வண்டிக்குள் ஓடும் மென்பொருள் மாதிரியானவை என் கைக்கு வந்ததில்லை, அங்கே நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மெஷினையும் புரோகிராமையும் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வையுங்கள்.

திருப்பூர்க்காரருக்கு நிட்டிங் மெஷினைச் சொன்னால் போதும். நூல் அறுந்தால் ஃபீடர் மேலே விளக்கு எரிந்து மெஷின் தானாக நிற்கும். பஞ்சு படிந்து, நூல் அறுகாமலே பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் நின்றுகொண்டிருந்தால் ஆபரேட்டர் என்ன செய்வார்? ஷிப்ட் முடிவதற்குள் இத்தனை கிலோ துணி இறக்கியாக வேண்டும். அந்த ஸ்டாப்பரை எதையாவது வைத்துக் கட்டிவிடுவார். அடுத்து நிஜமாகவே நூல் அறுந்தால் ரோல் முழுக்க ஓட்டை விழுந்து, சாயம் போட்டு வந்த பிறகுதான் தெரியும். உங்கள் மேனேஜர் கேட்கும் ரீட்ரை அந்தக் கட்டுதான். அவர்மேல் தப்பில்லை, அவருக்குக் கிலோ கணக்கு. பஞ்சைத் துடைப்பது நம்ம வேலை.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு டெஸ்ட் காரணமில்லாமல் 200 ராத்திரிக்கு ஒரு ராத்திரி மட்டும் தடுமாறுகிறது என்று வையுங்கள். தனியாகப் பார்த்தால் தங்கமான டெஸ்ட். 600ம் அப்படி இருந்தால் சராசரியாக ராத்திரிக்கு மூன்று பொய்ச் சிவப்பு வரும். எல்லாமே பச்சையாக முடியும் ராத்திரி நூற்றுக்கு ஐந்துதான். ஆயிரத்தில் ஒன்று என்று குறைத்தாலும் முழுப் பச்சை நூற்றுக்கு 55 ராத்திரிதான் கிடைக்கும். அதனால் 'எங்க டெஸ்ட் 99.5 சதவீதம் நல்லா ஓடுது' என்று யாராவது பெருமைப்பட்டால் எனக்கு வயிறு கலங்கும். கூகுளின் ஜான் மிக்கோ 2016இல் அவர்கள் கணக்கை வெளியிட்டார். அங்கே கிட்டத்தட்ட 16 சதவீத டெஸ்ட்டுகளுக்கு ஏதோ ஒரு அளவில் இந்தத் தடுமாற்றம் இருந்தது. பச்சையிலிருந்து சிவப்புக்குத் தாவியவற்றில் 84 சதவீதத்தில் தடுமாறும் டெஸ்ட் ஒன்று சம்பந்தப்பட்டிருந்தது. அவ்வளவு ஆளும் பணமும் உள்ள இடத்திலேயே அப்படி. ஆகவே உங்கள் குழுவுக்குத் திறமை போதவில்லை என்று யாரும் குறுகிப்போக வேண்டியதில்லை.

இப்போது ரீட்ரை. மூன்று முயற்சியில் ஒன்று பாஸானாலும் பச்சை என்று வைத்துவிட்டால் பொய்ச் சிவப்பு அடங்கிவிடும், அதில் சந்தேகமே இல்லை. நிஜச் சிவப்பும் சேர்ந்தே அடங்கும், அதிலும் சந்தேகமில்லை. உங்கள் மென்பொருளில் பத்துக்கு ஒரு தடவை தலைகாட்டும் கோளாறு இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் சேமித்தால் ஒருவருடைய பேக்கிங் லிஸ்ட் காணாமல் போகிறது. டெஸ்ட் மூன்று முயற்சியிலும் தோற்பதற்கு ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான். ராத்திரிக்கு ஒரு ஓட்டம் என்றால் கிட்டத்தட்ட மூன்று வருடத்துக்கு ஒரு தடவை உங்களுக்குத் தெரியும். வாடிக்கையாளருக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அதனால் ரீட்ரையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு தடவை மட்டும் மறுபடி ஓட்டலாம். ஆனால் இரண்டாவது ஓட்டத்தில் பாஸானதைப் பச்சை என்று எழுதக்கூடாது, மஞ்சள் என்று தனியாக எழுத வேண்டும். மஞ்சளை எண்ணுங்கள். எண்ணாத ரீட்ரை, காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுவிட்டு தெர்மாமீட்டரையும் உடைத்துப் போட்டது மாதிரி.

அடுத்தது ஒரு எக்செல் ஷீட். சாதாரண ஷீட்தான், நாலு பத்தி போதும்: டெஸ்ட்டின் பெயர், தோற்ற தேதியும் நேரமும், எந்த மெஷின், பிழைச்செய்தியின் முதல் வரி. மூன்று வாரம் நிரப்புங்கள். வேறு எந்தச் சாமானும் வாங்காமல் எனக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது இதுதான். 2012இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது எங்கள் ஆபீஸில் மாலை ஓட்டத்தில் பத்திருபது டெஸ்ட் கொத்தாக விழும். டெவலப்பர்கள் செலினியத்தைத் திட்டினார்கள், நான் டெவலப்பர்களைத் திட்டினேன். நேரத்தை எழுதி வரிசைப்படுத்தியதும்தான் தெரிந்தது, கரெண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்த ஒரு நிமிடத்தில் நெட்வொர்க் ஸ்விட்ச் அணைந்து எரிகிறது, அதற்கு மட்டும் யூபிஎஸ் லைன் இழுக்கவில்லை. புரோகிராமில் ஒரு வரி மாற்றவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்துவிட்டுப் போனார்.

காரணங்களில் எது அதிகம் என்பதற்கு ஊகம் தேவையில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2014இல், அப்பாச்சி என்ற திறமூல மென்பொருள் அமைப்பின் 51 திட்டங்களில் தடுமாறும் டெஸ்ட்டுகளைச் சரிசெய்த 201 மாற்றங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். வகை தெரிந்தவற்றில் 45 சதவீதம், வேலை முடியும்வரை ஒழுங்காகக் காத்திருக்காதது. 20 சதவீதம், புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வேலைகள் (இழைகள்) மோதுவது. 12 சதவீதம், ஒரு டெஸ்ட் முன்னால் ஓடினால்தான் இன்னொன்று பாஸாகும் என்ற வரிசைச் சார்பு. அது பெரும்பாலும் ஜாவா மொழியின் உலகம், உங்களுடையது வெப் ஸ்கிரீன். விகிதம் அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் காத்திருப்புதான் முதலிடம் என்பது என் அனுபவத்திலும் மாறியதே இல்லை.

காத்திருப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம், ஏனென்றால் 'ஸ்லீப் போடாதே', அதாவது இத்தனை வினாடி சும்மா நில் என்று எழுதாதே, என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஏன் என்று யாரும் சொல்வதில்லை. ஆர்டர் ஸ்கிரீனில் சேமி பட்டனை அழுத்தினால் 'சேமிக்கப்பட்டது' என்று ஒரு சின்னப் பெட்டி வந்து மூன்று வினாடியில் மறைகிறது. டெஸ்ட் இரண்டு வினாடி தூங்கிவிட்டு அந்தப் பெட்டியைத் தேடுகிறது. மெஷினில் வேறு ஏதோ ஓடுவதால் சர்வர் இரண்டரை வினாடி எடுத்துக்கொண்டால், பெட்டி இன்னும் வரவில்லை, சிவப்பு. யாரோ புத்திசாலி ஸ்லீப்பை ஆறு வினாடி ஆக்குகிறார். இப்போது சர்வர் வேகமாக இருக்கும் ராத்திரிகளில் பெட்டி வந்து மறைந்தே போயிருக்கும், சிவப்பு. கூட்டினாலும் தோல்வி, குறைத்தாலும் தோல்வி. காரணம், டெஸ்ட் கடிகாரத்தைப் பார்க்கிறது, பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. அந்த ஆர்டர் எண் கீழே உள்ள பட்டியலில் வரும்வரை காத்திரு, அதிகபட்சம் 20 வினாடி என்று எழுதினால் வேகமான நாளில் அரை வினாடியில் முடியும், மெதுவான நாளில் ஆறு வினாடியில் முடியும். இதில் நேரமும் மிச்சம்: ஒரு டெஸ்ட்டில் மூன்று வினாடி ஸ்லீப் நாலு இடத்தில் இருந்தால், 600 டெஸ்ட்டுக்கு ராத்திரிக்கு இரண்டு மணி நேரம் சும்மா தூங்குகிறீர்கள்.

இன்னொன்றையும் இதே கையோடு பார்த்துவிடுங்கள். செலினியத்தில் இம்ப்ளிசிட் வெயிட் (எதைத் தேடினாலும் பொதுவாக இத்தனை வினாடிவரை காத்திருப்பது), எக்ஸ்ப்ளிசிட் வெயிட் (குறிப்பிட்ட ஒன்று நடக்கும்வரை காத்திருப்பது) என்று இரண்டு உண்டு. இரண்டையும் கலக்காதீர்கள், எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பது கணக்கில் அடங்காது என்று செலினியத்தின் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. 10 வினாடி அதில், 15 வினாடி இதில் என்று வைத்தால் 20 வினாடி கழித்துத் தோற்கக்கூடும். நான் எடுத்துப் பார்த்த பழைய புராஜெக்ட்டுகளில் பாதியில் இரண்டும் கலந்தே கிடந்தது. இம்ப்ளிசிட்டைச் சுத்தமாக எடுத்துவிடுவது என் பழக்கம்.

இனி ஒரு கதை. ரீட்ரை என்று யாராவது வாயைத் திறந்தாலே எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். சாயப்பட்டறைகளுக்கான மென்பொருள் ஒன்றில் வேலை பார்த்தேன். 'இன்றைய டெலிவரி சலான்' பட்டியலைச் சோதிக்கும் ஒரு டெஸ்ட் இருந்தது. சலான் ஒன்று போடும், இன்றைய பட்டியலைத் திறக்கும், அதில் அந்தச் சலான் இருக்கிறதா என்று பார்க்கும். பத்து வரி. மாதத்துக்கு நாலைந்து ராத்திரி அது தோற்கும். காலை ஒன்பது மணிக்கு ஓட்டினால் பச்சை. எட்டு மாதம் அதை 'அது அப்படித்தாங்க' என்றே விட்டுவைத்தோம். ஸ்கிரீன்ஷாட்டில் பட்டியல் காலியாக இருக்கும், லோடாகவில்லை போல என்று வெயிட்டைக் கூட்டியவர்களில் நானும் ஒருவன்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி காலையில் பட்டறையிலிருந்து சூப்பர்வைசர் கூப்பிட்டார். 'ஏனுங்க, ராத்திரி ஒரு மணிக்குப் போட்ட சலானெல்லாம் பழைய வருச நம்பர்லயே வந்திருக்குதுங்க. ஆடிட்டர் என்னைத் தானுங்க கேப்பாரு.' சர்வர் தேதியை உலகப் பொதுநேரத்தில் எழுதிக்கொண்டிருந்தது. நம்ம நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து விடியற்காலை ஐந்தரைவரை போட்ட எதற்கும் சர்வர் முந்தின நாள் தேதியைக் குத்தியது. பிரௌசரோ 'இன்று' என்பதை நம்ம நேரத்தில் கேட்டது. எங்கள் ராத்திரி ஓட்டம் வழக்கமாகப் பதினொன்றரைக்கு அந்த டெஸ்ட்டுக்கு வந்துவிடும், பாஸ். முன்னால் உள்ளவை இழுத்தடித்து அதன் முறை பன்னிரண்டைத் தாண்டிய ராத்திரிகளில் தோற்கும். காலை ஒன்பதுக்கு இரண்டு கடிகாரமும் ஒரே தேதி, பச்சை. அந்த டெஸ்ட் எட்டு மாதமும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

வாடிக்கையாளர்கள் எட்டு மாதம் ஏன் வாய் திறக்கவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. நைட் ஷிப்ட் ஆட்களுக்கு ராத்திரி ஒரு மணி என்பது முந்தின நாள் கணக்கு. ஷிப்ட் எந்தத் தேதியில் ஆரம்பித்ததோ அந்தத் தேதிதான் முடியும்வரை. எங்கள் தப்பு அவர்கள் வழக்கத்தோடு ஒத்துப்போய்விட்டது. நிதியாண்டு மாறிய அந்த ஒரு ராத்திரிதான் இரண்டும் முட்டிக்கொண்டன. பிறகு காலண்டர் தேதி, ஷிப்ட் தேதி என்று இரண்டையும் தனித்தனியாக வைத்தோம். டெஸ்ட்டில் மெஷினின் கடிகாரத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டு, நேரத்தை வெளியிலிருந்து கொடுக்கும்படி புரோகிராமை மாற்றி, மார்ச் 31 ராத்திரி 11.59, ஏப்ரல் 1 விடியல் 12.01, காலை 5.31 என்று மூன்று நேரங்களைக் கையால் கொடுத்தோம். இப்போது அது எந்த நேரத்தில் ஓடினாலும் ஒரே பதில்தான் சொல்லும். உங்கள் ராத்திரி ஓட்டமும் நள்ளிரவைத் தாண்டுகிறதென்றால் இதை முதலில் பாருங்கள்.

டேட்டாவைப் பற்றி. ஆறு பேர் குழுவில் ஒரே டெஸ்ட் டேட்டாபேஸ்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் 'டெஸ்ட் பையர் 1' என்று ஒரு பையர் (சரக்கு வாங்குபவர்) இருப்பார், 600 டெஸ்ட்டும் அவர் தலையில்தான் ஆர்டர் போடும். ஒரு டெஸ்ட் அவருடைய கிரெடிட் லிமிட்டைக் குறைத்துவிட்டுப் பாதியில் தோற்றுப்போனால், பின்னால் வரும் பதினைந்து டெஸ்ட் எந்தப் பாவமும் அறியாமல் விழும். தப்பு ஒன்று, சிவப்பு பதினாறு. வேலை முடிந்தபின் சுத்தம் செய்கிறோம் என்பார்கள். பாதியில் செத்த டெஸ்ட் எதைச் சுத்தம் செய்யும்? ஒவ்வொரு டெஸ்ட்டும் தனக்கு வேண்டிய பையர், ஸ்டைல், ஆர்டர் எல்லாவற்றையும் புதுப்பெயரில் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும், ஸ்கிரீன் வழியாக இல்லாமல், ஒரு புரோகிராம் மென்பொருளோடு நேரே பேசும் வாசலான ஏபிஐ வழியாக. பார்த்தால் அரைநாள் வேலை மாதிரித் தெரியும், உண்மையில் வாரக்கணக்கில் இழுக்கும். இருந்தாலும் செய்யுங்கள். வரிசைச் சார்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சனிக்கிழமை டெஸ்ட்டுகளைத் தாறுமாறான வரிசையில் ஓட்டிப் பாருங்கள். ஜாவா 7 வந்தபோது உலகமே இதை வலுக்கட்டாயமாகச் செய்து பார்த்தது. ஒரு கிளாஸில் உள்ள மெத்தடுகளை (அங்கே டெஸ்ட் ஒவ்வொன்றும் ஒரு மெத்தட்) எழுதிய வரிசையிலேயே தரும் பழக்கம் அதில் உடைந்தது, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த டெஸ்ட்டுகள் பல பொலபொலவென்று விழுந்தன. ஜாவாவின் டெஸ்ட் கருவியான ஜேயூனிட்டின் 4.11இல் வரிசையை நிலைப்படுத்த ஒரு வசதியே சேர்க்க வேண்டி வந்தது.

நம்ம ஊருக்கே உரிய இரண்டு பொறிகளையும் சொல்லிவிடுகிறேன், இவற்றை இங்கிலீஷில் எழுதும் ஆட்கள் சொல்லமாட்டார்கள். ஒன்று காசு. உங்கள் லேப்டாப்பில் 1,25,000 என்று வருவது, அமெரிக்க அமைப்பில் நிறுவிய, டெஸ்ட் ஓடும் பில்ட் மெஷினில் 125,000 என்று வரும். டெஸ்ட் எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டால் ஒரு மெஷினில் பாஸ், இன்னொன்றில் ஃபெயில். இரண்டாவது தமிழ் எழுத்து. ஊர் பட்டியலில் 'கொடுமுடி' என்று ஒருவர் அடித்தால் ஒகரக் குறி ஒரே குறியீடாகப் போகும், இன்னொரு கீபோர்டில் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகப் போகும். ஒன்றில் எட்டுக் குறியீடு, மற்றதில் ஒன்பது. ஸ்கிரீனில் இரண்டும் ஒரே மாதிரி. 'எதிர்பார்த்தது கொடுமுடி, கிடைத்தது கொடுமுடி' என்று ரிப்போர்ட் வந்ததைப் பார்த்துவிட்டு ஒரு பையன் எங்கள் ஆபீஸில் டீ குடிக்கப் போனவன் ஒரு மணி நேரம் திரும்பி வரவில்லை. ஒப்பிடும் முன் இரண்டையும் யூனிகோடின் நார்மலைசேஷன் வழியாக ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். டெஸ்ட்டில் மட்டும் அதைச் செய்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். தேடும்போது கொடுமுடி கிடைக்காமல் தவிக்கப்போவது வாடிக்கையாளர்.

பராமரிப்புக்கு வருகிறேன். நம்பகத்தன்மையும் பராமரிப்பும் வேறு வேறு வியாதிகள், பெரும்பாலும் ஒரே உடம்பில் இருக்கும். 2025 செப்டம்பர் 22 எங்களுக்கு நல்ல பாடம். ஆயத்த ஆடைக்கு ஜிஎஸ்டி மாறியது. அதுவரை ஒரு பீஸ் 1,000 ரூபாய்க்கு மேல் என்றால் 12 சதவீதம். அன்று முதல் 2,500 வரை 5, அதற்கு மேல் 18. எங்கள் டெஸ்ட்டுகளில் 1,450 ரூபாய் சட்டை ஒன்று இருந்தது, பில் 1,624. இந்த 1,624 என்ற எண்ணை யாரோ ஒருவர் ஸ்கிரீனில் பார்த்துக் காப்பி அடித்து, அங்கிருந்து மற்றவர்கள் காப்பி அடித்து, நாற்பது சொச்சம் கோப்புகளில் கிடந்தது. எங்குமே 1,450, 12 என்ற இரண்டு எண்ணும் பக்கத்தில் இல்லை. ஏன் 1,624 என்று தெரியாததால் எதை 1,522.50 ஆக்குவது, எதை விடுவது என்று புரியாமல் நாலு நாள் போனது. 21ஆம் தேதி அனுப்பிய சரக்குக்குப் பழைய வரிதானே, அந்த டெஸ்ட்டுகளை மாற்றினால் தப்பு. இப்போது வரிக் கணக்கு ஸ்கிரீன் டெஸ்ட் எதிலும் இல்லை. விலை, தேதி, வரி, தொகை என்று ஒரே அட்டவணையாக, பிரௌசரே திறக்காமல் ஒரு சின்னப் பகுதியை மட்டும் சோதிக்கும் யூனிட் டெஸ்ட்டாக இருக்கிறது. வரிசை முழுக்க ஓட ஒரு வினாடிகூட ஆவதில்லை. ஸ்கிரீன் டெஸ்ட், பில்லில் ஒரு வரித்தொகை வருகிறதா என்று மட்டும் பார்க்கும்.

உங்கள் 600இல் எத்தனை இப்படிக் கீழே இறக்கக்கூடியவை என்று எண்ணிப் பாருங்கள். கீழே யூனிட் டெஸ்ட் நிறைய, நடுவில் ஏபிஐ, உச்சியில் ஸ்கிரீன் டெஸ்ட் கொஞ்சம் என்ற பிரமிடை எல்லோரும் படம் போடுவார்கள். வடிவம் சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. 70, 20, 10 என்று அதற்கு விகிதம் சொல்பவர்களிடம்தான் நான் விலகி நிற்பேன், ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஆபத்து இருக்கும் இடம் வேறு. துணி செக்கிங்கை எல்லாம் பேக்கிங் டேபிளில் வைத்துக்கொள்ளும் கம்பெனி உண்டா? நிட்டிங்கில் பிடிக்க வேண்டியதை அங்கேயே பிடிப்பார்கள். பேக்கிங்கில் சைஸ், லேபிள், கணக்கு மட்டும்.

ஸ்கிரீனில் மிஞ்சுவதற்கு இரண்டு சமாச்சாரம். மூன்றாவது பெட்டிக்குள் இரண்டாவது டேபிளுக்குள் நாலாவது பட்டன் என்று இடத்தைச் சொல்லிக்கொண்டே நீளும் எக்ஸ்பாத் முகவரியை விட்டுவிடுங்கள். டெஸ்ட்டுக்கென்றே ஒவ்வொரு முக்கியப் பட்டனுக்கும் ஒரு அடையாளப் பெயர் வைக்கச் சொல்லி டெவலப்பர்களிடம் கேளுங்கள். ஆறு பேர் குழுவில் அது ஒரு டீயில் முடியும் பேச்சுவார்த்தை. அந்தப் பெயர்கள், ஸ்கிரீனுக்கு ஒன்றாக எழுதும் பேஜ் ஆப்ஜெக்ட்டில் ஒரு இடத்தில் மட்டும் இருக்கட்டும். இன்னொன்று பிழைச்செய்தி. 'எதிர்பார்த்தது ட்ரூ, கிடைத்தது ஃபால்ஸ்' என்று எழுதும் டெஸ்ட் யாருக்காகப் பேசுகிறது? 'சலான் போட்ட பிறகு இன்றைய பட்டியலில் அது இல்லை, பட்டியலின் தேதி இது, சர்வரின் தேதி இது' என்று எங்கள் டெஸ்ட் எழுதியிருந்தால் எட்டு மாதம் எட்டு நிமிடமாகியிருக்கும்.

பிளேரைட்டுக்கு மாறலாமா? செலினியம் 2004இல் சிகாகோவில் தாட்வொர்க்ஸ் கம்பெனியில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கியது, பிரௌசரை இயக்கும் அதன் வெப்டிரைவர் முறை 2018இல் வெப்பின் அதிகாரப்பூர்வத் தரமே ஆனது. அது செத்துப்போன கருவியில்லை. பிளேரைட் 2020இல் மைக்ரோசாஃப்டிலிருந்து வந்தது. பட்டன் கண்ணுக்குத் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, அழுத்த முடிகிறதா என்று தானே பார்த்துவிட்டுத்தான் அழுத்தும். அதன் டெஸ்ட் ரன்னர் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் புத்தம்புது பிரௌசர் சூழலைத் தரும். ஆகவே காத்திருப்புத் தொல்லையில் பெரும்பங்கும், பழைய லாகின் ஒட்டிக்கொண்டு வரும் தொல்லையும் குறையும் என்று உறுதியாகச் சொல்வேன். டெஸ்ட் பையர் 1இன் கிரெடிட் லிமிட், ஐந்தரை மணி நேர வித்தியாசம், இரண்டு கொடுமுடி, இவை மூட்டை முடிச்சோடு உங்களுடனேயே புது வீட்டுக்கு வரும். புதிய டெஸ்ட்டுகளை பிளேரைட்டில் எழுதுங்கள், பழையதில் ஒன்றை எப்படியும் திருத்தி எழுத வேண்டி வந்தால் அதையும் அங்கே எழுதுங்கள். 600ஐயும் ஒரேயடியாக மாற்றும் புராஜெக்ட்டுக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். இரண்டு கருவியைச் சில காலம் சேர்த்து ஓட்டுவது சிரமம்தான், ஒத்துக்கொள்கிறேன். பட்டனைத் தேடிப் பிடிக்கும் லோகேட்டர் உடைந்தால் ஏஐ தானே சரிசெய்துகொள்ளும் என்று விற்கிறார்களே, அதில் எனக்கு அரைமனதுதான். காணாமல் போன பட்டனுக்குப் பதிலாகப் பக்கத்துப் பட்டனை அது அழுத்திவிட்டுப் பச்சை காட்டியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்னும் இரண்டு வருடத்தில் என் கருத்து மாறலாம்.

ஷீட் மூன்று வாரம் நிரம்பிய பிறகு வரும் திங்கட்கிழமை காலையில் என்ன செய்வது என்று கேட்டால், மூன்று வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் மஞ்சளான டெஸ்ட்டுகளை ராத்திரி ஓட்டத்திலிருந்து எடுத்துத் தனி அறையில் வையுங்கள். அவை அங்கேயும் தினமும் ஓடட்டும், ஆனால் முக்கிய ரிப்போர்ட்டைச் சிவப்பாக்க வேண்டாம். அந்த அறைக்கு 20 பேருக்கு மேல் இடமில்லை என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். இருபத்தொன்றாவது வந்தால் முதலில் இருப்பதில் ஒன்றைச் சரிசெய்து அனுப்பணும், இல்லையென்றால் அழிக்கணும். வரம்பு வைக்காத தனி அறை ஒறம்பரை (விருந்தாளி) வந்த வீடு மாதிரி, வந்தவர் கிளம்பவே மாட்டார். முக்கிய ரிப்போர்ட் அன்றே ஏறக்குறைய பச்சையாகிவிடும், மறுநாள் சிவப்பு வந்தால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். அழிப்பதற்குத் தயங்க வேண்டாம். ஒரு புராஜெக்ட்டில் பர்ச்சேஸ் ஆர்டரை ஃபேக்ஸ் அனுப்பும் ஸ்கிரீனுக்கு ஏழு டெஸ்ட் ராத்திரிதோறும் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேக்ஸ் மெஷினை ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதற்கு மட்டும் வைத்திருந்தார்கள்.

சரிசெய்தாச்சு என்று எப்போது நம்புவது என்பதற்கும் கணக்கு உண்டு. 200க்கு ஒரு தடவை தோற்கும் டெஸ்ட்டைத் திருத்திவிட்டு நூறு தடவை ஓட்டினீர்கள், நூறும் பாஸ். சந்தோஷப்படாதீர்கள். எதுவுமே சரியாகாமல் இருந்தாலும் நூறும் பாஸாக நூற்றுக்கு 60 வாய்ப்பு இருக்கிறது. 600 தடவை ஓட்டி ஒன்றுகூடத் தோற்காவிட்டால் ஓரளவு, அதாவது நூற்றுக்கு 95 என்ற அளவில், நம்பலாம். ஒரு ஓட்டம் ஒரு நிமிடம் என்றால் பத்து மணி நேரம். சனிக்கிழமை பொழுதோட போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் ஞாயிறு காலை முடிந்திருக்கும். ஓட்டும்போது மெஷினைச் சும்மா வைக்காமல் வேறு வேலையும் கொடுத்து மூச்சு வாங்க வையுங்கள், ராத்திரியில் அது அப்படித்தானே இருக்கிறது.

எழுதாமல் விட்டது ஒன்று: உங்கள் பில்ட் மெஷினில் எத்தனை பிரௌசர் ஒரே நேரத்தில் திறக்கிறீர்கள், மெமரி எவ்வளவு என்று கேள்வியில் இல்லை. 8 ஜிபியில் ஆறு குரோமைத் திறந்து வைத்திருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் அதை மூன்றாகக் குறைத்துப் பாருங்கள். மூன்று வாரம் கழித்து அந்த ஷீட்டை நேர வரிசையில் அடுக்கி, எந்த மணியில் அதிகம் விழுகிறது என்று இங்கேயே கீழே எழுதுங்க. பன்னிரண்டுக்கும் ஐந்தரைக்கும் நடுவில் என்றால், டெஸ்ட்டைத் தொடும் முன் ஒரு நைட் ஷிப்ட் சூப்பர்வைசருக்குப் போன் போட்டுக் கேட்டுப் பாருங்க.